வேலியில் என் கை

ஊலு நகரத்தில்
யாரோ தவறவிட்ட கையுறையை யாரும் எடுத்துப் போவதில்லை.
பனியிலிருந்து எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி
பக்கத்து வேலிக்கம்பில் மாட்டிவிட்டு நடப்பார்கள்.
டிசம்பரில் துய்ரா பாலத்துப் பக்கம் போனால்
வேலி நெடுக உயர்ந்த கைகள்,
விடை தெரிந்த பிள்ளைகள் மாதிரி.
அதில் மூன்று என்னுடையவை.
மூன்றும் இடது.

மகன் நூட்டிக்காகத்தான் போனேன்.
மருத்துவர் படிவம் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.
பொருட்களைத் தொலைப்பானா?
தொடங்கியதை முடிப்பானா?
அடுத்தவர் பேசி முடிக்கும் முன்பே
ஆமாம், என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.
உங்களுக்கும் ஒரு நாள் குறிக்கட்டுமா?

குறித்த நாளை மறந்தேன்.
அடுத்த முறை
ஒரு நாள் முன்னதாகவே போய் நின்றேன்,
வரவேற்பறைப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை,
எனக்கும்தான்.

கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறது காகிதத்தில்.
குறைவு எங்கே இருக்கிறது?
குளிர்பெட்டியின் முனகலைக் கேட்கிறேன்,
இரண்டு மேசை தள்ளி ஒருவர் ஆரஞ்சு உரிப்பதை,
என்னிடம் பேசுபவரின் சட்டையில் தொங்கும் நூலை,
அவர் பேசுவதையும்கூட.
எல்லாம் ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன.
எதை முதலில் உள்ளே விடுவது என்று சொல்ல
வாசலில் ஆள் இல்லை.

சைக்கிள் பட்டறையில் வேலை.
கோணிய சக்கரத்தைக் கையில் எடுத்தால்
முப்பத்தாறு கம்பிகளும் நானும்தான்.
மூன்று மணிக்கு இருட்டியதும் தெரியாது,
பசி தெரியாது,
மூத்திரம் முட்டுவதுகூடத் தெரியாது.
அதே கைகளால்
வரி அலுவலக உறையைக் கிழிக்க முடியாமல்
பிப்ரவரி முழுக்க
ரொட்டி டப்பாவின் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.
வேண்டுமென்றே செய்கிறாய், என்பான் யார்மோ.
சவுனா அடுப்பு எரிந்தபடி இருக்க
துண்டு கருகிய நாளில் அதைக்கூடச் சொல்லவில்லை.
துண்டைப் பார்த்தான். ஷூ மாட்டிக்கொண்டான்.

காலையில் ஒரு மாத்திரை.
இரைச்சல் போய்விடவில்லை,
பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.
மற்றதெல்லாம் தந்திரம்தான்.
நூட்டியின் சாப்பாட்டு டப்பா மேல்
என் ஷூ ஒன்றைக் குளிர்பெட்டியிலேயே வைக்கிறேன்.
ஒற்றைக் காலோடு பனியில் இறங்க முடியாதல்லவா,
டப்பா ஞாபகம் வரும்.
கால் சில்லிடும், பரவாயில்லை.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு மூன்றாம் மாடி தௌனோ வருவார்.
காகித ஆலையில் முப்பது வருடம் இருந்தவர்,
ஒரு காது கேட்காது.
எதிரே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவார்.
அறிவுரை கிடையாது,
உறையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதும் கிடையாது.
இருப்பார். அவ்வளவுதான்.
அவர் இருந்தால் என் கை உறையைக் கிழித்துவிடுகிறது.
ஏன் என்று மருத்துவர் ஏதோ விளக்கினார்,
பாதியில் ஜன்னலில் ஒரு நாய் வந்துவிட்டது.

மார்ச்சில் அவருக்கு இடுப்பில் அறுவை.
செவ்வாய் வந்தது, நாற்காலி காலி.
ஆறு உறைகள்.
ஆறேகாலுக்குத் தொலைபேசி அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து.
யாரும் ஹலோ சொல்லவில்லை.
மேசைமேல் ஒலிபெருக்கியில் வைத்தேன்.
பென்சில் சத்தம் கேட்டது.

நான்காவது உறையில் இருந்தபோது அவர் வாய் திறந்தார்:
"தாமதமாக வருவது. ஐந்தெழுத்து."
"வசந்தம்," என்றேன்.
பென்சில்.
கொஞ்ச நேரம் கழித்து
ரப்பர்.

ஐந்தாவதைக் கிழித்தேன்.