முப்பது மில்லிக் கோடு வரை

பொங்கல் பானையில் கட்டியிருந்த மஞ்சள் கொத்து
ஒரு வாரமாய்ச் சமையலறை மூலையில் கிடந்தது.
இலை காய்ந்துவிட்டது. கிழங்கு காயவில்லை.
அதில் இரண்டு விரலை ஒடித்தெடுத்தேன்.

பேரளத்தில் இப்போது எந்த வீட்டிலும் இருமல்.
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அறுப்பு மெஷின்
ராத்திரி பதினொரு மணிவரை ஓடுகிறது.
வைக்கோல் தூசு ஜன்னல் கம்பியில்
மீசை மாதிரி படிகிறது.

சிங்காரவடிவேல் கடையில் பெருநெல்லி கால் கிலோ.
இஞ்சியை மண்ணோடு நிறுத்துப் போட்டார். கேட்டதற்கு
"மண்ணுக்குக் காசு வாங்கலம்மா, ஈரத்துக்குத்தான்."

ஸ்பூன் விளிம்பால் சுரண்டினால்
இஞ்சித் தோல் சமர்த்தாய்க் கழன்று வருகிறது.
நெல்லிக்காய் அப்படியில்லை, கொட்டையை விடாது,
கத்தியோடு மல்லுக்கட்டித்தான் பிளந்தது.
ஒரு கமலா ஆரஞ்சு, விதை எடுத்து.
மிளகு ஏழு. ஏன் ஏழு என்று கேட்காதீர்கள்,
எட்டாவது அடுப்புக்கு அடியில் உருண்டுபோனது.

நாலு சுற்று சுற்றியதும் கரண்ட் போனது.
பாதி அரைந்த இஞ்சி நாராய் நிற்க,
பக்கத்து வீட்டு ஜெசிமா சுவருக்கு மேலே தலைநீட்டி
"அம்மியில தட்டேன், அதுக்கென்ன கேடு" என்றாள்.
அவளிடமும் அம்மி இல்லை.

இருந்ததை டீ வடிகட்டியில் ஊற்றினேன், அடைத்துக்கொண்டது.
கரண்டியால் அழுத்த அழுத்தச்
சொட்டுச் சொட்டாய் இறங்கியது
கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிற மாதிரி,
வருமா வராதா என்று முகம் பார்த்துக்கொண்டு.

எதில் ஊற்றுவது என்பதுதான் யோசனை.
டம்ளரில் ஊற்றினால் அடியில் கிடக்கிறது,
மருந்துக்கடைக்காரன் ஏமாற்றியது போல.
அலமாரி மேல்தட்டில், சேமியா டப்பாவுக்குப் பின்னால்
இருந்தன அந்த ஐந்து குட்டிக் கிளாசுகள்.
ஆறு வாங்கினார், காரைக்காலில். ஒன்று
சுவரில் பட்டு உடைந்தது. எப்படி என்பது
எங்கள் இருவருக்கும் தெரியும்.
பாட்டிலையெல்லாம் பழைய பேப்பர்காரர் கொண்டுபோனார்.
கிளாசைப் போட எனக்குத்தான் மனசு வரவில்லை.
கனமான கண்ணாடி. முப்பதுக்கு ஒரு கோடு,
அறுபதுக்கு ஒரு கோடு.

திருவாரூர் டாக்டரிடம் இதையும் கேட்டிருந்தேன்.
"கொஞ்சமா குடிக்கட்டும், மாத்திரைய நிறுத்தக் கூடாது.
இஞ்சி ஒண்ணும் ஈரலுக்கு வக்கீல் இல்ல" என்றார்.

மூன்று கிளாசில், கீழ்க்கோடு வரை.
கல்லுப்பு ஒரு பரல், தேன் ஒரு சொட்டு.
இவர் வாங்கி, தலையை அண்ணாந்து, ஒரே மடக்கு.
அதே முகச்சுளிப்பு. அதே "க்ஹா".
புறங்கையால் அதே துடைப்பு.
என் முதுகில் என்னவோ ஊர்ந்தது.
"இன்னொரு..." என்று கிளாசை நீட்டியவர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மிக்ஸி தானாய் உறுமியது.
கரண்ட் வந்துவிட்டது; நான் சுவிட்சை அணைக்கவே இல்லை.

அகல்விழிக்கு எட்டு வயது.
தன் கிளாசை இவர் கிளாசில் ணங்கென்று இடித்து
"சியர்ஸ்ப்பா" என்றாள்.
யார் சொல்லிக்கொடுத்தது என்று
யாரும் கேட்கவில்லை.
குடித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர,
"ஐயே, இதையாப்பா தினமும் குடிச்ச?"

இவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.
ரொம்ப நேரம் கிளாசையே பார்த்திருந்து
"இல்லம்மா. இது உறைக்குது" என்றார்.

மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தேன்.
பன்னிரண்டு கட்டி. மூன்று பேருக்கு நாலு நாள்.
அதற்கு மேல் இப்போதைக்கு நான் கணக்குப் போடுவதில்லை;
காலண்டர் தாளைக் கிழித்து எண்ணுவது இவர் வேலை.

கிளாஸ் விளக்கும்போது பார்த்தேன்,
வழிந்த மஞ்சள் கோட்டுக்குள் ஏறியிருக்கிறது.
சபீனா போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
கவிழ்த்து வைத்தேன்,
சேமியா டப்பாவுக்கு முன்னால்.