திருகை, திருக்கை

உவெத் ஸெம் ஊரில், டயர்க் கடைக்குப் பின்னால்
இத்தோவின் மேசை.
பாஸ்பேட் தூசியில் மேசையும் அவள் புருவமும்
ஒரே நிறம்.

நான்கு தகர டப்பாக்கள், முன்பு மத்தி மீன் அடைத்து வந்தவை.
இப்போதும் மீன்தான்,
பல் மட்டும்.

ஆறு பக்கம் கொண்ட கருங்கல் ஓடு போலிருந்தால்
கழுகுத் திருக்கை.
நடுவே அகலப் பட்டை, ஓரங்களில் சின்ன அறுகோணங்கள்,
எண்ணினால் ஏழு வரிசை.
வளைந்த பட்டைகள் ஒற்றை வரிசையாய் அடுக்கியிருந்தால்
அது புள்ளித் திருக்கையின் குடி.
இங்கே அரிதாகத்தான் அகப்படும்.
அவர்களை வேறு குடும்பமென்று
தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்களாம்.
காகிதத்தில்தான். கடலில் யாரும் வீடு மாறவில்லை.

எலும்பு கேட்டு வராதீர்கள்.
இருந்ததே குருத்தெலும்பு; அதுவும் கரைந்தது.
இறக்கை, சாட்டை வால், வாலடியில் முள்,
நீரை உதறிவிட்டு ஒரு கணம்
காற்றில் நின்ற திமிர்
எல்லாம் போய்
அரைக்கிற வேலை மட்டும் மிச்சம்.
பெயர் வைத்தவனும் கிரேக்கத்தில் அதைத்தான் எழுதினான்:
மாவரைக்கும் கல்லாகிய மீன்.
அவனுக்கு இரண்டு சொல் தேவைப்பட்டது.
தமிழில் எனக்கு ஒரு ககர ஒற்றுப் போதும்.

மார்ச்சில் கடிதம் வந்தது,
லைடனிலிருந்து, ஹன்னெகே என்று கையெழுத்து.
மருந்துக் கடைக்காரர் பிரெஞ்சிலிருந்து சொல்லச் சொல்ல
இத்தோ கை நிறுத்தாமல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

'இரண்டாம் டப்பாவையும் மூன்றாம் டப்பாவையும்
ஒன்றாகக் கொட்டிவிடுங்கள்.
வளைந்த பல் ஓர் இனம், தட்டைப் பல் ஓர் இனம் என்று
இத்தனை காலம் எழுதிவந்தோம்.
ஒரே வாயின் மேலும் கீழுமாக இருக்கலாம்.
முந்திய பெயர் நிற்கும்,
பிந்தியது அதற்குள் அடங்கும்.
உயிரோடிருப்பவை இதற்கு நேர் எதிர்:
ஒரே புள்ளித் திருக்கை என்றிருந்ததை
அட்லாண்டிக்குக்கு ஒன்று,
இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் சேர்த்து ஒன்று,
மெக்சிகோவின் மேற்குக் கரைக்கு ஒன்று
என மூன்றாக்கிவிட்டோம்.
உங்கள் பற்களைப் பற்றிக் கணக்கு மட்டுமே சொல்கிறது.
இரண்டு தாடையும் சேர்ந்தபடி
ஒரு வாயைக்கூட யாரும் பார்த்ததில்லை.
பார்த்தால் எழுதுங்கள்.'

வளைந்தது பதினைந்து திர்ஹாம்.
தட்டை, பெயர் புதிது என்பதால், நாற்பது.

மருந்துக் கடைக்காரர் போன பிறகு
இத்தோ மேசை விளக்கை அணைத்தாள்.
பகல்தான், அணைக்க அவசியம் எதுவுமில்லை.

மழை பெய்யாத வருஷம் அது.
புஅஸ்ஸா பள்ளத்திலிருந்து
உள்ளங்கை இரண்டளவு கட்டி ஒன்று கொண்டுவந்தான்.
தூசியை ஊதியதும்
கீழ்க்கல்லின் மேல் மேல்கல்லாய்
இரண்டு தாடையும் மூடியே கிடந்தன,
பாதி அரைபட்ட ஒரு சிப்பி நடுவில் இருந்தபடி.
நன்றாக மூடியிருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.
அவன் உளியை நடுவில் வைத்தான்.
அவள் பிடித்துக்கொண்டாள்.
இரண்டு பெயர், இரண்டு விலை.
சிப்பிக்கு விலை இல்லை; அது தரையில் சிதறியது,
மறுநாள் துடைப்பத்தோடு போனது.

இப்போது இரண்டாம் டப்பாவிலிருந்து ஒரு பல்,
மூன்றாவதிலிருந்து ஒரு பல்
எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் திருகிப் பார்க்கிறாள்.
வேறு வேறு மீன்கள்.
அளவு சேரவில்லை. ஆனாலும்
பொடி உதிர்கிறது.

"அந்த ஜோடியின் தட்டைப் பாதி யாரிடம் போனது?"

புஅஸ்ஸா வாசலில் காலணியைத் தட்டுகிறான்.
"எந்த ஜோடி?"
பிறகு, தட்டுவதை நிறுத்தி,
"சிவப்பு வேன் வைத்திருந்த ஜெர்மன்காரன்.
இல்லை.
அவன் வாங்கியது மேல்பாதி."