எடைச்சீட்டு

மரத்தில் இருக்கும்வரை அது இலை.
வெட்டி விழுந்தால் வீட்டுக்காரியின் இலை.
என் வானில் ஏற்றிக் கதவைச் சாத்தினால்
அந்த நொடியிலிருந்து கழிவு.
கழிவைக் கொண்டுபோக எனக்கு ஒரு எண் வேண்டும்.

எண் இருக்கிறது.
முன் கண்ணாடிக்குள் ஒட்டிய தாளில் மை வெளிறிக்கொண்டு வருகிறது:
தர்மினி ஜெகசோதி, கழிவு கொண்டுசெல்பவர்.
மகன் வகுப்பில் சொல்லிவிட்டான்,
"அம்மா லைசென்ஸ் எடுத்த குப்பைக்காரி."
டீச்சர் திருத்தியிருக்கிறார். அவன் சொன்னதுதான் சரி.

இப்ஸ்விச்சில் வீட்டுக் குப்பைக்குத் தனி வாசல்.
அங்கே நிற்கும் மஞ்சள் சட்டைக்காரர்
பையைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார்.
மணிக்கட்டில் ஒரு கீறல் என்றால் வீட்டுக்காரி.
முழங்கைவரை கீறல் என்றால் தொழில்காரி.
"வியாபாரமா?"
ஒரேயொரு முறை பொய் சொல்ல வாயெடுத்தேன்.
தலைமுடிக்குள்ளிருந்து ஒரு சைப்ரஸ் கொழுந்து
அவருடைய அட்டையில் விழுந்தது.

அதனால் எடைமேடைக்குப் போகிறேன்.
ஏற்றியபடி ஒரு எடை, இறக்கிவிட்டு ஒரு எடை,
கழித்து வருவதற்குக் காசு.
மழைநாளில் மழைக்கும் சேர்த்துத்தான்.
தண்ணீரைத் தள்ளிப் போடக்கூடாதா என்று கேட்டேன்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
"வெயில் வந்ததும் வா" என்றாள்.
அது நவம்பர்.

நாற்பது பவுண்ட் கூடுதல் எதற்கு என்று
விட்லாக் அம்மாள் கேட்டார்.
வெட்டுவதற்கு ஒரு விலை,
வெட்டியது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர இன்னொரு விலை.
இங்கிலீஷில் சொன்னபோது அது கெஞ்சல் போல வந்தது.
"இலைதானே" என்றார்.

அடுத்த ஒக்டோபர் அழைப்பு வரவில்லை.
யாரோ ஒருவன். கையில் காசு, சீட்டு கிடையாது.

பெப்ரவரியில் கவுன்சிலிலிருந்து ஹாலிஸ் பேசினார்.
பண்ணைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் பதினொரு பை.
ஒன்றுக்குள் விட்லாக் அம்மாளின் பல் வைத்தியர் கடிதம்.
அம்மாளின் டைரியில் 'தோட்டம்' என்ற இடத்தில்
இன்னும் என் நம்பர்.

போனேன்.
ஒரு பை கிழிந்து, லாரல் வெளியே கிடந்தது,
பச்சை போகாமல்.
ஒரு கொம்பை எடுத்துத் திருப்பினேன்.
கீழே பழைய வெட்டு: கணுவுக்குச் சற்று மேலே,
நீர் வழிந்தோடச் சாய்வாக, விளிம்பு மூடி ஆறியிருந்தது.
அது நான்.
அதற்குமேல் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய வளர்ச்சி.
அடியில் புதிய வெட்டு, மெஷின் பல் பட்டுப்
பட்டை உரிந்து நார் நாராய்.
அது நானல்ல.

"நம்புகிறேன்" என்றார் ஹாலிஸ்,
"ஆனால் கொம்பைக் கோப்பில் வைக்க முடியாதே."

வானில் கோப்பு இருந்தது.
அந்த வேலிக்கு நாலு சீட்டு:
ஒக்டோபர், 300 கிலோ.
ஒக்டோபர், 280.
மழையே பெய்யாத அந்த வருடம், 180.
கடைசி ஒக்டோபர், 340, எல்லாம் தண்ணீர்.
அவர் விரலை நனைத்து நனைத்துப் புரட்டினார்.
மூன்றாவதில் நின்று
"ஆமாம், அந்த வருடம் என் புல்லும் செத்துப்போனது" என்றார்.

பிறகு தயங்கிக் கேட்டார்,
இதை ஏற்றிக்கொண்டு போக முடியுமா,
கவுன்சில் பணம் தரும்,
உங்களிடம் எண் இருக்கிறதே என்று.

பதினொரு பை. தனியாகத்தான் ஏற்றினேன்;
அவருக்கு முதுகு சரியில்லையாம்.
படிவத்தில் 'எங்கிருந்து' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வேலி நிற்கும் தெருவா, கிடந்த ஒழுங்கையா?
ஒழுங்கை என்று எழுதினேன். பெயர் தெரியாததால்
பண்ணையின் பெயரைப் போட்டேன்.

"பெப்ரவரியில் லாரலா?" என்றாள் கண்ணாடிப் பெண்.
பாக்கி, என்றேன்.

சீட்டை வீட்டில் கோப்பில் செருகும்போது
கவுன்சில் பிரிவைத் திறந்தேன், மூடினேன்.
விட்லாக் பிரிவில் வைத்தேன், ஐந்தாவதாக.
420 கிலோ.
அதில் வேலி எவ்வளவு,
ஒழுங்கையில் கிடந்த இரண்டு வாரத்து மழை எவ்வளவு,
அது சீட்டில் இல்லை.