பதினான்காம் நாள்

இரவு இரண்டு மணி. பிப்ரவரி.
கடலணைக்கு அப்பால் வாடன் கடல்
இருட்டில் எதையோ அலசிக்கொண்டிருக்கிறது.
கொட்டகையில் நூற்றுப் பதினேழு கறவைகள்.
எனக்கு வேண்டியவை ஆறு.
முதலில் பவ்க்கே 112.
ஈன்று பதினான்கு நாள்.

வாலைத் தூக்கி, அடிநரம்பில் ஊசி.
அவள் நகரவில்லை.
அசைபோடுவதை ஒரு நொடி நிறுத்தித்
திரும்பிப் பார்த்தாள்,
சில்லறை எண்ணும்போது பேச்சுக் கொடுத்தவனைப்
பார்க்கும் கடைக்காரரைப் போல.

மூச்சில் பேரிக்காய் வாசம்.
கொட்டகையில் பேரிக்காய் ஏது?
முதுகுக் கொழுப்பு கரைந்து
மூக்கு வழியாக வெளியேறுகிறது.

தொட்டி நிறைய ஊறல்புல், மக்காச்சோளம்,
சர்க்கரைக்கிழங்குச் சக்கை.
தின்னத்தான் செய்கிறாள்.
நாளுக்கு நாற்பத்தெட்டு லிட்டர் கேட்கும் மடிக்கு
எந்த வாய்தான் ஈடுகொடுக்கும்?

வீப்ரன் காபியோடு வந்தார்.
"எப்படி இருக்கு?"
"குறைவு."
"எது?"
"பாலைத் தவிர எல்லாம்."
சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்சுலின் தரை தட்டிக் கிடக்கிறது.
தசையின் கதவு சாத்தியிருக்கிறது, கொழுப்பின் கதவும்.
சர்க்கரைக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி மடி.
வளர்ச்சி ஹார்மோன் உச்சத்தில்.
பெயரை நம்பிவிடாதீர்கள்,
இந்த வாரங்களில் அது
விலாவெலும்பை வெளியே தெரியவைக்கும் வேலையில் இருக்கிறது.
ஈரலைக் கூப்பிடுகிறது; ஈரல் பதில் சொல்வதில்லை.
சூலகத்தில் ஒரு குமிழி
திராட்சை அளவுக்கு வளர்ந்து,
மூளையிலிருந்து உத்தரவு வருமென்று காத்திருந்து,
வராமல்
வற்றிப்போகிறது.
அடுத்தது தொடங்கும். அதுவும் காத்திருக்கும்.

ஒன்று சொல்லாமல் விட்டேன்.
ஆறு மாடுகளுக்கும் சீட்டுக் குலுக்கியது நான்,
ஜனவரியில், வீப்ரனின் கம்பளித் தொப்பிக்குள் கைவிட்டு.
மூன்றுக்கு மாவுச்சத்துத் தீவனம், மூன்றுக்குக் கொழுப்பு.
மாவுச்சத்து இன்சுலினைக் கொஞ்சம் தூக்கிவிடும்,
குமிழிக்கு உத்தரவு சீக்கிரம் வரும்
என்பது எங்கள் யூகம்.
ஸீட்ஸ்கே 40க்கு மாவுச்சத்து.
இருபத்தாறாம் நாள் பருவத்துக்கு வந்தாள்,
ஏப்ரலில் சினை.
பவ்க்கேவுக்கு வந்த சீட்டு மற்றது.

அவள் பால் குறையவில்லை.
கொழுப்புச் சதவீதத்தைப் பார்த்துப் பால் நிறுவனம்
வீப்ரனுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பியது.
மூன்று முறை ஊசி போட்டார்கள்,
மூன்றும் நிற்கவில்லை.
ஜூன் மாதத்தில் வீப்ரன் பேரேட்டில்
அவள் எண்ணுக்கு நேராக ஒரு கோடு கிழித்தார்.
அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
கொட்டகைக் கடனின் வட்டி
மாட்டின் ஈரலைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை.

ஜூலை முடிவில் பால் முப்பதுக்கு இறங்கியது.
இறங்க இறங்க இன்சுலின் ஏறியது.
கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.
முதுகெலும்பின் இருபுறமும் சதை வந்து மூடியது,
வெள்ளம் வடிந்த வயலில்
புல் திரும்புவதுபோல.
ஒரு செவ்வாய்க்கிழமை காலை
மேய்ச்சலில் பக்கத்து மாட்டின் மேல் தாவி ஏறினாள்,
கழுத்தை நீட்டிக் கத்தினாள்.
கண்ணாடி போலத் தெளிந்த சளி, வாலில்.
இப்போது என்றது உடம்பு.

லாரி வியாழனுக்குச் சொல்லியிருந்தது.
நான் தொலைபேசியை எடுத்தேன்.
"ஒரே ஒரு தடவை பார்க்கலாமே" என்றேன்.
மறுமுனையில் வீப்ரன்
காபியை உறிஞ்சும் சத்தம்.
"அடுத்த கன்று எப்போ, கணக்குப் போட்டியா?"
போட்டிருந்தேன்.

வரைபடத்தில் அவள் ஒரு புள்ளி.
கோட்டுக்குச் சற்றுக் கீழே,
எங்கள் யூகத்துக்கு மிகவும் சாதகமான இடத்தில்.
லேவார்டனில், எண்பது டிகிரி உறைகுளிரில்,
மூன்றாம் தட்டில், சுண்டுவிரல் நீளக் குழாய்.
எடுத்தால் விரல் ஒட்டிக்கொள்ளும்.
112 என்று என் கையெழுத்து.
அதற்குள் இன்னும்
பதினான்காம் நாள்தான்.