கயிற்றைப் பிடி

புன்டா அரேனாஸில் காற்று மாதம் தொடங்கியதும்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
கம்பத்துக்குக் கம்பம், இடுப்புயரத்தில்.
பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடக்கவேண்டும்.
விட்டால் தொப்பி முதலில் போகும், பிறகு நீ.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது
அப்பா டனித்சாவின் கையைப் பிடித்துக்கொள்வார்.
என்னிடம் சொல்வார்:
"நீ கயிற்றைப் பிடி."

அவ்வளவுதான்.
அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை.
இதை ஒரு குற்றமென்று யாரிடம் எழுதிக்கொடுப்பது?
கயிறு உறுதியானது. நல்ல கயிறு.
ஆனால் அது திருப்பிப் பிடிக்காது.

*

முப்பது வருடம் கழித்து
நானும் டனித்சாவும் சேர்ந்து வாங்கிய நண்டுப் படகை
கூட்டாளி ஒஸ்வால்டோ பார்ரியா
எங்கள் இருவர் கையெழுத்தையும் தானே போட்டு விற்றான்.
ஒரே படகு. ஒரே பேனா.
ஒரே நாளில்தான் இருவருக்கும் தெரிந்தது.

டனித்சா ஒரு வாரம் அழுதாள்.
ஒரு மாதம் அவனைத் திட்டினாள்,
அடுத்த வீட்டு நாய் எழுந்துபோகும் அளவுக்கு.
அப்புறம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.
இரண்டாவது குளிர்காலத்தில்
அவன் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்று கேள்விப்பட்டு
சூப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.
"பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை பார்,
அதிலும் திருட்டு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்தப் பத்திரத்தின் நகலை
பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
பதினோரு வருடம்.
சட்டை மாற்றும்போது அதையும் மாற்றுவேன்.
விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து
அவன் கொட்டகை எந்தப் பக்கமாக எரியும் என்று
காற்றின் திசையோடு கணக்குப் போடுவேன்.
டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்.
புண் என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார்.
சொல்லியிருக்கலாம்.

டனித்சாவிடம் ஒருமுறை கத்தினேன்:
உனக்கு ரோஷமே கிடையாதா?
அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்,
"அவன் படகைத்தானே எடுத்தான்."

அன்றிரவு கண் மூடவில்லை.
என்னிடமிருந்து அவன் வேறென்ன எடுத்தான் என்று
ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.
ஆஸ்பத்திரியில் அப்பாவின் கடைசி வாரம் வந்தது:
அவள் அவர் கையைப் பிடித்திருக்கிறாள்,
நான் கட்டிலின் இரும்புக் கம்பியை.
ஒஸ்வால்டோ எங்கள் தெருவுக்குக் குடிவருவதற்கு முன்பே
காணாமல்போன சாமான்களையெல்லாம்
அவன் கணக்கில் எழுதியிருந்தேன்.

*

போன அக்டோபரில், சந்தை மூலையில்,
கயிற்றைப் பிடித்தபடி அவன் நின்றான்.
கிழடு தட்டியிருந்தது. மறுகையில் ரொட்டிப் பை.
காற்று தள்ளிய தள்ளில் முழங்கால் மடிந்தது.
என்னைப் பார்த்தான். கையை நீட்டினான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?
"கயிற்றைப் பிடி."

அப்பாவின் குரல். அதே அளவு, அதே சுருதி.
எனக்கே முதுகு சில்லிட்டது.
அவன் பிடித்தான். எழுந்தான்.
ஒரு ரொட்டி தெரு நெடுக உருண்டுபோனதை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன்.
பத்திரம் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
சட்டைப்பையில் பஸ் சீட்டு.
சில இரவுகள் நாலரை வரை தூங்குகிறேன்.

காற்று நாட்களில் மகளைப் பள்ளியிலிருந்து
அழைத்து வருவது நான்தான்.
மூலை வந்ததும் மிலென்கா கயிற்றுக்குத் தாவுவாள்,
அவள் வகுப்பே அதில் தொங்கி விளையாடும்.
நான் கையை விடுவதில்லை.
"அப்பா, வலிக்குது" என்கிறாள்.
கொஞ்சம் தளர்த்துகிறேன்.
கொஞ்சம்தான்.