ஆறு, சுழியம், சுழியம்

பல்லார்ட் எஸ்டேட், மூன்றாம் மாடி,
கப்பல் சரக்குக் காப்பீட்டு அலுவலகம்.
நாலு நாளாய் விடாத மழை.
குடையை லிஃப்ட் ஓரம் சாத்திவிட்டு நுழைந்தேன்.

"குல்தா நஹீ" என்றார் நூதன் பராட்கர்.
ஆயிரத்து நூற்றுப் பதினேழு, ஒன்றுகூடத் திறக்கவில்லை,
நானே எண்ணினேன்.
பக்கத்து மேசையிலிருந்து விலாஸ் பராட்கர்
எனக்கும் சேர்த்து கட்டிங் சொன்னார்.

ஸ்கேனர் ஒழுங்காகத்தான் தாளை விழுங்குகிறது,
பச்சை விளக்கு காட்டுகிறது,
பொதுக் கோப்புறையில் வந்து விழுகின்றன
தேதியும் அளவும் பிசகாமல்.
தொட்டால் மட்டும்
அனுமதி மறுக்கப்பட்டது.

கறுப்புத் திரையில் பட்டியல் போட்டேன்.
எல்லாவற்றுக்கும் உரிமையாளர் ஸ்கேனர்.
எல்லாவற்றின் நெற்றியிலும்
ஆறு, சுழியம், சுழியம்.
உடையவர் படிக்கலாம், எழுதலாம்;
குழுவுக்கு ஒன்றுமில்லை,
ஊருக்கும் ஒன்றுமில்லை.
வைக்கோற்போரில் படுத்த நாய்.
எழுத்தறியாத பெட்டி
எழுத்தையெல்லாம் காத்துக்கொண்டிருந்தது.

இனி வருபவற்றுக்கு வழி சுலபம்.
கோப்புறையின் எண்ணுக்கு முன்னால் ஓர் இரண்டு:
உள்ளே பிறப்பதெல்லாம்
குழுவின் பெயரோடு பிறக்கும்.
ஸ்கேனர் கணக்கின் மறைப்பையும் தளர்த்தினேன்.

பழையவற்றுக்கு ஒரே வரி போதும்.
அடித்துவிட்டு, என்டர் தட்டுமுன்
வழக்கம்போல் மூன்றைத் திறந்து பார்த்தேன்.
மூலக் கணக்கில் நுழைந்தவனுக்கு
மறுப்பென்று எதுவும் கிடையாது.

முதலாவது,
நனைந்த துவரம்பருப்பு, நாற்பது டன், சர்வேயர் முத்திரை.
இரண்டாவது,
கிரேன் கொக்கி கிழித்த பஞ்சுப் பொதிகள்.
மூன்றாவது,
பத்லாபூரில் ஓர் அறை,
பதினோரு மாத வாடகை ஒப்பந்தம்,
ஒன்றாம் தேதியிலிருந்து.
குடியிருப்பவர்: நூதன்.
உடன் இருப்போர்: இல்லை.

குழுவின் பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது பேர்.
அதில் பராட்கர் இரண்டு.

டீ வந்தது. இஞ்சி தூக்கல்.
"பத்து நிமிஷத்தில் ஆகுமா?" என்று
கண்ணாடி அறையிலிருந்து துபாஷ் கேட்டார்.
ஆகும் என்றேன்.
நூதன் என் பின்னால்தான் நின்றிருந்தார்.
திரையைப் பார்க்கவில்லை,
என்டர் மேலிருந்த என் விரலைப் பார்த்தார்.

அடித்த வரியை அழித்தேன்.
அந்த ஒன்றை மட்டும் எடுத்து
அவருடைய சொந்தக் கோப்புறைக்குள் வைத்து
உரிமையாளரை மாற்றினேன்: ஸ்கேனர் போய், நூதன்.
ஆறு, சுழியம், சுழியத்தை
அப்படியே விட்டேன்.
பிறகு அந்த வரியைத் திரும்ப அடித்தேன்.

"ஆஹா, திறக்குதே!" என்றார் விலாஸ்,
பருப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபடி.

சேவைச் சீட்டு நிரப்பினேன்.
செய்த வேலை: அனுமதி சரிசெய்தல்.
கோப்புகள்: 1116.
நூதன் அந்த எண்ணிடம் கொஞ்ச நேரம் நின்றார்.
என் பேனா எழுத மறுத்தது, ஈரம்.
தன் பேனாவை எடுத்துக்
கையெழுத்திட்டார்.