கடைசி நான்கு நிமிடம்

கலாமாவில் மழை பெய்தாலே செய்தி.
அந்த வியாழக்கிழமை அதைவிடப் பெரிய செய்தி:
ஒன்பது ஆண்டு கழித்து மூன்றாம் பாகம்.

முந்தின இரவே வரிசை.
சுரங்கத்து ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தவர்கள்,
பூட்ஸில் செம்புத் தூசி அப்படியே.
விளாதிமிர் கல்யாணத்தைத் தள்ளிவைத்தான் என்று பேச்சு.
பொய்யாக இருக்கலாம்.
அவன் மறுக்கவில்லை.

நான் எர்சிலியா. துடைப்பம் என் கையில்.
படம் பார்க்க எனக்குச் சம்பளம் இல்லை.
கதவைத் திறந்துவைக்கும் கடைசி நான்கு நிமிடம்
ஓரமாய் நின்று பார்ப்பேன், அவ்வளவுதான்.
பதினாறு வருஷமாக எனக்கு
எல்லாக் கதையும் முத்தத்திலோ புகையிலோ
ஆரம்பிக்கிறது.
யார் யாரை எதற்குக் கொன்றார்கள், தெரியாது.
கொன்றபின் எப்படி நிற்பார்கள்,
அது தெரியும்.

படம் எப்படி என்று என்னைக் கேளுங்கள்.
இருக்கைக்கடியில் குனிந்தால் தெரிந்துவிடும்.
எங்கள் நாட்டில் பாப்கார்னுக்கு
ஆட்டுக்குட்டி என்று பெயர்.
நல்ல படம் என்றால்
குட்டிகள் பாதி மந்தை அப்படியே கிடக்கும்.
டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில்
கை நின்றுபோன இடத்தில் சிதறிக் கிடக்கும்.
மோசமான படமா, டப்பா காலி.
அடியில் பொரியாத சோளத்தைக்கூட
யாரோ கடித்துப் பார்த்திருப்பார்கள்.

வியாழன் இரவு
முந்நூற்றுப் பன்னிரண்டு டப்பா.
எல்லாம் காலி.

வெளியே வந்தவர்கள் பேசவில்லை.
கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லை என்று
யார் முதலில் சொல்வது,
அப்படி ஒரு மௌனம்.
கார் நிறுத்துமிடத்தில் யாஸ்னாதான் உடைத்தாள்:
“மலையைத் தோண்டி எலியைப் பிடித்திருக்கிறார்கள்.”
சிரித்தார்கள், தினமும் மலையைத் தோண்டுகிறவர்கள்.
நூறு டன் கல்லில்
ஒரு டன் செம்பு தேறினால் பெரிது அவர்களுக்கு.
“எலியாவது கிடைத்ததே” என்றார் ஒருவர்
சாவியைத் தேடிக்கொண்டு.

விளாதிமிர் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.
“மோசமில்லை” என்றான், யாரும் கேட்காமல்.
மூன்று தடவை சொன்னான்.
மூன்றாவது தடவை அது கேள்வியாக இருந்தது.
ஒன்பது வருஷமாக
இரவு ஷிப்டில், லாரியின் முன்விளக்கு வெளிச்சத்தில்,
அவன் ஓட்டிப் பார்த்த மூன்றாம் பாகம் வேறு.
அதை இனி
எந்தத் திரையில் போடுவது?

பிறகு என் தம்பி எலெயுத்தேரியோ.
படத்தில் வரும் அந்தக் கிரகம்
ஊரைத் தாண்டி நாற்பதாவது கிலோமீட்டரில் இருக்கிறது.
உப்பு எங்களுடையது, காற்று எங்களுடையது,
இரண்டாவது சூரியன் மட்டும் அவர்களுடையது.
அங்கே இருநூறு பேர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு
சுடப்பட்டுச் சரிய வேண்டும்.
நாள் கூலி. மதியம் சூப்.
அவன் பதினொரு முறை செத்தான்.
முழங்காலில் தழும்பு இருக்கிறது, காட்டச் சொன்னால் காட்டுவான்.
சொல்லாவிட்டாலும் காட்டுவான்.

நல்லவேளை, அந்தப் போர்
என் நான்கு நிமிடத்துக்குள் வருகிறது.
இருநூறு கவசமும் ஒரே வெள்ளி நிறம்.
“இதில் எதுடா நீ?”
முதல் நாள்: இடது ஓரம், பாறைக்குப் பக்கத்தில்.
சனிக்கிழமை: கொடிக்குப் பின்னால்.
செவ்வாய்க்கிழமை: குதிப்பது போல விழுகிறவன்.
இன்று நான்காவது டிக்கெட்.
கூடத்தில் அவனையும் சேர்த்து ஆறு பேர்.
கதவைத் திறந்தேன். எட்டி விரலை நீட்டினான்:
எல்லாரும் விழுந்த பிறகும்
ஒரு மூச்சு நேரம் தனியே நின்றுவிட்டு,
யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி
அப்புறம் சாய்கிறானே,
அவன்.

அவன் இல்லை.
எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.
“நன்றாக விழுந்தாய்” என்றேன்.

விளக்கைப் போட்டேன்.
போகிற வழியில் நாலாம் பாகத்தின் போஸ்டர் முன்
விளாதிமிர் தேதியைக் குறித்துக்கொண்டிருந்தானாம்;
தம்பி போனில் சொன்னான்.

அவன் இருக்கையில் டப்பா.
ஆட்டுக்குட்டிகள் விளிம்புவரை,
ஒன்றுகூடக் குறையாமல்.
கொட்ட மனம் வரவில்லை.
நின்றபடியே தின்றேன்.
ஆறிப்போயிருந்தது.
சர்க்கரையும் போதாது.